பேர்லினில் வாங்கிய மாலை

என் அத்தான் இன்றும் நலமாக இருக்கிறார். அதற்கு நான் எந்த வகையிலும் காரணமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அக்காவின் கல்யாணத்துக்காக ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து பேர்லினுக்குப் போயிருந்தேன். பெண்ணின் தம்பி என்பதால் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மாலை போட்டு அழைத்துவர வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை.

"மாலைக்குப் பூ வாங்கிக்கொண்டு நேர வா. இஞ்ச மத்தியானத்தோட கடையெல்லாம் பூட்டிப்போடுவாங்கள்" என்றாள் அக்கா.

"ரொறன்ரோவில நாங்கள் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போறனாங்கள். எனக்குச் சொல்லித்தாறியோ?"

நேரே போனேன், தோல் ஜாக்கெட் கடைக்கு. (பதினொரு ஜாக்கெட் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வாங்கவில்லை.) வெளியே வந்தால் வீதி முழுக்கக் கதவடைப்பு. ஊரடங்குச் சட்டமோ என்றுகூட நினைத்தேன். ஒரு மணி நேரம் அலைந்தபின், நீண்ட மதில் ஒன்றின் அருகே ஒரே ஒரு பூக்கடை திறந்திருந்தது. உள்ளே, என்ன அதிர்ஷ்டம், கட்டின மாலையே தொங்கியது! பச்சை இலை, வெள்ளைப் பூ, தங்க நிறத்தில் ஜெர்மன் எழுத்துப் பொறித்த ரிப்பன்.

"மை சிஸ்டர்" என்றேன். கடைக்காரப் பாட்டி என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். சிவப்பு மெழுகுதிரி ஒன்றும் சும்மா தந்தார். கல்யாணம் என்றால் ஜெர்மன்காரருக்கு இவ்வளவு உருக்கமா என்று நெகிழ்ந்து போனேன்.

பூக்கட்டக் காத்திருந்த அன்ரிமாரிடம் பொதியைப் பிரிக்காமலே, "நாளைக்குப் பாருங்கோ" என்றேன்.

மறுநாள் பார்த்தார்கள். மாலை வளையவில்லை. அத்தானின் தலைப்பாகையில் இடறி நின்றதை ஓர் அழுத்து அழுத்திக் கழுத்துக்கு இறக்கினேன். அத்தானோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

அத்தான் ரிப்பனை வாசித்தார்.

"தம்பி, உந்த மாலையை எங்க வாங்கினனீர்?"

"மதிலுக்குப் பக்கத்துக் கடையில, அத்தான்."

"மதிலுக்கு அங்கால என்னெண்டு பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. அது இடுகாட்டு மதில். ரிப்பனில் இருந்தது, 'அமைதியாக உறங்குக.'

அத்தானின் அம்மா சகுனம் பார்க்கிறவர். பூனை குறுக்கே போனதற்கு நிச்சயதார்த்தத்தையே தள்ளிவைத்தவர். கல்யாணம் என் கையால் நின்றுபோகப் போகிறது.

"என்னடா எழுதிக்கிடக்கு?" என்றார் அவர்.

அத்தான் ரிப்பனை மெதுவாகக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "நிம்மதியா இருக்கட்டாம், அம்மா."

"நல்ல பொடியன்" என்று என் கன்னத்தைத் தடவினார் அம்மா.

இப்போது அவர்களும் ஸ்காபரோவில்தான். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அத்தான் சோபாவில் குறட்டை விடத் தொடங்கினால், அக்கா அந்த ரிப்பனை எடுத்துவந்து அவர் நெஞ்சில் விரிப்பாள்.

"ஒருத்தரும் சத்தம் போடாதையுங்கோ. என்ர தம்பியின்ர வாழ்த்துப் பலிச்சுக்கொண்டிருக்கு."