சிலந்தி சாட்சி சொன்னதால் ரத்தான அபராதம்

அன்புள்ள மகளுக்கு, உன் அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். என் கால்சட்டை மட்டும் நலமில்லை. அது இன்று வங்கி மேலாளரின் மேஜைக்கு முன்னால், பின்பக்கத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி கிழிந்துவிட்டது. அம்மா அதைத் தைத்துக்கொண்டிருக்கிறாள், நான் துண்டைக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். கவலைப்படாதே, ஜெயித்துவிட்டோம்! உன் பேக்கரி அடுப்புக்குக் கடன் வருகிறது!

நடந்ததைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. உன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப் போன வாரம் வங்கிக்குப் போனேனா, கடன் பிரிவில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், உங்க கிரெடிட் கார்டுல நாலு மாசமா பில் கட்டல. நாலு அபராதம் விழுந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணலன்னா உங்க ஜாமீன் செல்லாது, மகளோட விண்ணப்பம் திரும்பிடும்" என்றாள். நம் பூட்டுக்கடைக்குத் துளைபோடும் மெஷின் வாங்கிய பணம் அது. பில் வந்ததும் கட்டலாம் என்று பணத்தைத் தகர டப்பாவில் எடுத்துவைத்து, தினமும் மாடியிலிருந்து இறங்கிப் போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், ஒரு கடுதாசி கிடையாது! வங்கிக்குப் போன் செய்தால், "பில் மாசாமாசம் அனுப்பியாச்சு சார்" என்கிறாள் ஒருத்தி. "எங்கம்மா அனுப்பினீங்க, ஆகாசத்துக்கா?" என்றேன். படிக்கட்டில் தபால்காரரை மடக்கினேன். "அண்ணே, சத்தியமா என் கையால போட்டேன்." "போட்டது எங்கய்யா போச்சு, பெட்டி தின்னு ஏப்பம் விட்டுடுச்சா?" பாவம், அவர் முகம் வாடிப்போனது. உன் அம்மா வேறு, "கத்தி என்ன ஆகப்போவுது, அத்தாட்சி வேணாமா?" என்றாள்.

அத்தாட்சிதானே? இன்று காலை ஸ்க்ரூடிரைவரோடு இறங்கி, தபால்பெட்டியையே சுவரிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதை மேலாளர் மேஜையில் தொப்பென்று வைக்கக் குனிந்தபோதுதான் கால்சட்டை போனது. நான் அசரவில்லை. சாவி போட்டுத் திறந்தேன். மூலைக்கு மூலை வலை, நடுவில் ஒரு சிலந்தி ஜம்மென்று குடித்தனம் நடத்துகிறது. "பாருங்க சார், ஒரு கடுதாசி விழுந்திருந்தா இந்த வலை இப்படி இருக்குமா?" மேலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். சிலந்தி அவரை நோக்கி நடக்க ஆரம்பித்தது. "நாலு அபராதமும் ரத்து சார், முதல்ல அதை மூடுங்க!" மெஷின் பணத்தை அங்கேயே கட்டினேன், ஜாமீன் கையெழுத்துப் போட்டேன், பெட்டியால் பின்பக்கத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

உன் அடுப்பு சூடாகவும் உன் தலை குளிர்ச்சியாகவும் என்றும் இருக்க வாழ்த்தும்,
ஜெயித்த அப்பா

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் பெட்டியைத் திரும்ப மாட்டப் போனேன். பக்கத்துப் பெட்டி மூடியில் என் பெயர்! சுவருக்கு வர்ணம் அடித்தபோது எல்லாப் பெட்டிகளையும் கழற்றி, இடம் மாற்றி மாட்டியவன் நான்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரே சாவியில் திறக்கும் இரண்டு பூட்டுகளை அந்த இரண்டிலும் போட்டவனும் நான்தான். அன்றிலிருந்து நாலு மாதமாக, பெயரைப் பார்க்காமல் பழைய இடத்திலேயே நான் திறந்து பார்த்தது, ஆளில்லாமல் கிடக்கும் எதிர்வீட்டுப் பெட்டியை. நம்முடையதில் நாலு பில்லும் பத்திரமாக இருந்தன. தபால்காரர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "ஊர்ப் பூட்டெல்லாம் திறக்கிறீங்க, சொந்தப் பெட்டி தெரியலையா அண்ணே?" என்று சிரித்தார். பிறகு தைத்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு, அபராதப் பணத்தோடு, உன் கடன் என்ன ஆகுமோ என்ற பயத்தோடு, உண்மையைச் சொல்லிவிட வங்கிக்கு ஓடினேன். பணத்தை நீட்டி, "சார், இந்த அபராதம்..." என்று ஆரம்பிப்பதற்குள் மேலாளர் எழுந்துவிட்டார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "பாருங்கய்யா, ரத்து பண்ணின அபராதத்தையும் கட்ட வந்திருக்காரு! இவர் ஜாமீன் பத்து அடுப்புக்குச் செல்லும்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். உன் விண்ணப்பத்தில் அங்கேயே முத்திரை விழுந்தது. நான் வாயைத் திறந்து, "நன்றி சார்" என்றேன். அது என் பெட்டியே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.