மூன்றாவது கவுண்ட்டரில் தூங்கிய அழகு

உலகில் அழகு என்று ஒன்று இருப்பதே செல்போனில் கேமரா வந்த பிறகுதான் உறுதியானது. அதற்கு முன்பும் மனிதர்கள் கொட்டாவி விட்டார்கள், துணி காயப்போட்டார்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். படம் பிடிக்க ஆளில்லாததால் அத்தனையும் வீணாகப் போனது. இந்தக் குறையைத் தீர்க்கவே 'எளிய கணங்கள்' என்ற பக்கத்தை நடத்தும் ஒளிப்படக் கலைஞர் அவதரித்தார். ஒரு நாள் அவர் குடிநீர் இணைப்பு அலுவலகத்துக்குள் நுழைந்தார். தண்ணீர் கேட்டு அல்ல, வெளிச்சம் தேடி.

மூன்றாவது கவுண்ட்டரில் எழுத்தர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது. வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ராத்திரி ஒன்று அழுது ஓய்ந்தால் மற்றது பொறுப்பேற்றுக்கொள்ளும். அன்றும் ஒரு மனுவை வாங்கி முத்திரையைத் தூக்கியவர், தூக்கிய கையோடு கண்ணயர்ந்துவிட்டார். ஜன்னல் வெயில் அவர் கன்னத்தில் வந்து விழுந்தது.

"சார், சார்," என்று மனு கொடுத்த பெண்மணி கண்ணாடியைத் தட்டினாள்.

"எழுப்பிடாதீங்கம்மா," என்றார் கலைஞர். "எவ்வளவு இயல்பா இருக்கு பாருங்க."

"இயல்பாதான் இருக்கு. எங்க வீட்டுக்குத் தண்ணி வரலையே."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுது."

'உழைப்பின் மடியில் ஓர் உறக்கம்' என்ற தலைப்போடு படம் வெளியானது. லட்சக்கணக்கானோர் இதயம் போட்டார்கள். எழுத்தரின் இதயம் மட்டும் படபடத்தது.

"வேலை போயிடும் போலிருக்கு," என்றார் மனைவியிடம்.

"போகட்டுமே. பகல்ல நீங்க பிள்ளைங்களைப் பாத்துக்குங்க, நான் கொஞ்சம் தூங்குறேன்."

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க. எத்தனை வருஷமா தூங்குறீங்க?"

"அன்னிக்கு மட்டும்தான் சார்."

"அடக்கம் வேணாம். நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு திறமை இருக்கிறது எனக்கே தெரியாமப் போச்சு."

அவசரக் கூட்டம் கூடியது. 'மூன்றாவது கவுண்ட்டர் எழில் பராமரிப்புத் திட்டம்' ஒருமனதாக நிறைவேறியது. அதன்படி, வெயில் ஜன்னலில் விழும் நேரமெல்லாம் எழுத்தர் தூங்க வேண்டும். அவருடைய வேலை நான்காவது கவுண்ட்டருக்கு மாற்றப்பட்டது. நான்காவது கவுண்ட்டர்க்காரர் நீண்ட விடுப்பில் இருந்ததால் அவரும் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை.

கலைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். "இயல்பா தூங்குங்க சார். வாயை லேசாத் திறங்க. அன்னிக்கு மாதிரி," என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். மனுதாரர் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு நீண்டது. அதையும் ஒருவர் படம் பிடித்து, 'காத்திருப்பு ஒரு கவிதை' என்று போட்டார்.

இப்படிக் கலை செழித்துவந்த நேரத்தில் ஒரு விபரீதம் நடந்தது. இரட்டையர் ராத்திரியில் தூங்கப் பழகிவிட்டார்கள். எழுத்தரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். விளைவு, கவுண்ட்டரில் கண்ணை எவ்வளவு இறுக்கி மூடினாலும் தூக்கம் வரவில்லை. சும்மா கண்ணை மூடி உட்கார்ந்திருக்க அவருக்கே கூச்சமாக இருந்தது. அரைக்கண்ணால் பார்த்தார். எதிரே அதே பெண்மணி.

"சார், முழிச்சிருக்கீங்களா?" என்றாள் ரகசியமாக.

"மெதுவா பேசுங்க. உங்க மனு இங்கதான் இருக்கு."

டப்பென்று முத்திரை விழுந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லல சார்," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ஆனால் வரிசைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்தவர் வந்தார், அதற்கடுத்தவர் வந்தார். சாயங்காலத்துக்குள் வரிசையே இல்லை. எழுத்தருக்குத் தோள்பட்டை வலித்தது. மனசு மட்டும் லேசாக இருந்தது.

இதையும் முதலில் வந்த அந்தக் கலைஞர் படமெடுத்துப் போட்டிருந்தார். 'நடிப்பு', 'இயல்பே இல்லை', 'தயவுசெய்து மறுபடியும் தூங்கச் சொல்லுங்கள்' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கலைஞர் நேரே மேலதிகாரியிடம் போய்க் கண் கலங்கினார். உடனே விளக்கம் கோரும் குறிப்பாணை பறந்தது: 'அலுவலக நேரத்தில் தாங்கள் விழித்திருந்து, முன்னறிவிப்பின்றிப் பொதுமக்களுக்குக் குடிநீர் இணைப்பு வழங்கி, அலுவலகத்தின் எழிலுக்குக் குந்தகம் விளைவித்தது ஏன்?'

எழுத்தர் பேனாவைத் திறந்தார். ஒளிக்க அவரிடம் எதுவும் இல்லை.

'மதிப்பிற்குரிய ஐயா, நான் விழித்திருந்தது உண்மை. இந்தக் குற்றத்தை நான் ஒருவனாகவே செய்தேன். இந்த அலுவலகத்தில் வேறு எவருக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.'