எந்த வீடு?

எதையும் வாங்குவதற்கு முன் அளவுக்கு மீறி ஆராய்கிறவனிடம் வீட்டில் ஒரு பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. நான் ஒரேயொரு பெட்டி வாங்க எட்டு மாதம் ஆராய்ந்தவன். அனுபவத்தில் சொல்கிறேன்.

வீட்டிலுள்ள பாட்டு, படம், பழைய விழா வீடியோ அத்தனையையும் சேமித்து வைத்து, எந்த அறையில் கேட்டாலும் அங்கே அனுப்புகிற பெட்டி அது. நாஸ் என்பார்கள். (என் மனைவி வதனி முதல் நாளிலிருந்தே "நாசம்" என்றுதான் சொல்கிறாள்.) உள்ளே பதிகிற டிஸ்க் இரண்டு தட்டா, நாலு தட்டா என்று யூடியூப்பில் யார் யாரோ சண்டை பிடிப்பதைப் பார்த்துவிட்டு, போகிற இடமெல்லாம் அதையே கதைத்தேன்.

கடைசியில் இரண்டு தட்டுப் பெட்டி வந்தது. இரண்டிலும் ஒரே சரக்குப் பதியும். மின்சாரம் போனாலும் ஓட ஒரு பற்றறி. ஐந்து அறைக்கும் ஸ்பீக்கர். இருபது எழுத்தில் கடவுச்சொல்; மூன்று தரம் பிழையாக அடித்தால் பத்து நிமிடம் கதவடைப்பு. எங்கள் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோவைத் திருட எந்த நாட்டு உளவுத்துறை காத்திருந்ததோ, எனக்குத் தெரியாது.

"ஒண்டு செத்தாலும் மற்றது பாடும், மாமி," என்று வதனியின் அம்மாவிடம் பெருமையடித்தேன். அவர் கணவர், என் மாமா, காலமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான் மொன்ட்ரியாலில் டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளைப் பிரித்து ஏற்றுகிறவன். சீட்டில் போகிற ஊர் முதலில், மற்றதெல்லாம் பிறகு. கோப்புகளுக்கும் அதே ஒழுங்கில் பெயர் வைத்தேன். எங்கள் ஆட்களுக்கோ எல்லாமே வீடு: கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு. ஆகவே முதலில் "வீடு", பிறகு மண்டபத்தின் முழு முகவரி, கடைசியில்தான் எந்த வீடு என்பது. கணினியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கைபேசியில் எல்லாமே "வீடு, மொன்ட்ரியால்" என்பதோடு நின்று, மிச்சம் மூன்று புள்ளியாகிவிடும் என்பது எட்டு மாத ஆராய்ச்சியில் அகப்படவில்லை.

அந்த நேரம்தான் சொந்த வீடு வாங்கினோம். வாங்கியதே மாமிக்காகத்தான். அவர் மகனோடு மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் இருந்தார். வெளியே இரும்புப் படி. பனிக்காலத்தில் இரண்டு தரம் வழுக்கி விழுந்துவிட்டார். கீழறையைத் தயார் பண்ணிவிட்டு, எங்களோடு வந்து இருக்கச் சொல்லி வதனி கெஞ்சினாள். தும்மலுக்கும் சகுனம் பார்க்கிற மாமி ஒரே வரியில் முடித்தார்: "குடிபூரல் நல்லபடியா நடக்கட்டும், பேந்து பாப்பம்."

புது வீட்டில் பால் காய்ச்சுகிற குடிபூரல் அன்று வதனி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இஞ்சேருங்கோ, இண்டைக்கு மட்டும் ஒண்டையும் குழப்பிப் போடாதேங்கோ."

அடுப்பில் பால் நுரை கட்டியது. "மேளத்தைப் போடுங்கோ," என்றார் ஐயர். எங்கள் கலியாணவீட்டு நாதஸ்வரத்தை நினைத்துக்கொண்டு பட்டு வேட்டியோடு கம்பீரமாக அமுக்கினேன்.

ஐந்து அறையிலிருந்தும் ஒப்பாரி கிளம்பியது. அதை அடக்கிக்கொண்டு ஒரு கனத்த குரல்: "அன்னார் வதனியின் பாசமிகு தந்தையும்..."

மாமாவின் செத்தவீடு.

ஐயரின் மணி நின்றது. நிறுத்தப் போனால், அதற்குள் பூட்டிக்கொண்ட பெட்டி கைபேசியில் கடவுச்சொல் கேட்டது. அவசரத்தில் மூன்று தரம் பிழையாக அடித்தேன், கதவடைப்பு. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். பற்றறி கீ கீ என்று கத்திக்கொண்டு வேலையைப் பொறுப்பெடுத்தது. ஒரு தட்டை இழுத்து வெளியே எடுத்தேன். மற்றது பாடியது. நான் சொன்னபடியே, ஒரு சொல் பிசகாமல் பாடியது.

அதோடு விட்டதா? "அன்னாரின் பிரிவால் துயருறும் மருமகன்..." என்று குரல் தழுதழுக்க, அதன் மேலேயே இன்னொரு குரல் தெளிவாகக் கேட்டது. "நாலு தட்டு என்னத்துக்கு மச்சான்? ரெண்டு காணும்."

துயருறும் மருமகன் நான்தான். செத்தவீட்டில் வீடியோக்காரனின் மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஆராய்ச்சி பண்ணியிருக்கிறேன். வதனி என்னைப் பார்த்த பார்வையை இதுவரை எந்தத் தட்டிலும் பதியவில்லை, எனக்கு மறக்கவும் இல்லை. வெட்கத்தில் செத்தேன். அதைவிட, கீழறை இனி வெறுமையாகத்தான் கிடக்கும் என்று தெரிந்துவிட்டது.

மூலைக் கதிரையிலிருந்து மாமி எழும்பினார். கைப்பையை எடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் அடுப்பைக் காட்டினார்.

"பாலைப் பாருங்கோ. கிழக்கால பொங்கீற்றுது."

உண்மைதான். நாங்கள் பெட்டியோடு மல்லுக்கட்டிய நேரம், பால் தன்பாட்டில் நல்ல திசையில் பொங்கி வழிந்திருந்தது.

"மனுசன் இல்லாமல் புது வீட்டுக்கை கால் வைக்கிறதோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தன்," என்றார். "அவரும் வந்திட்டார். நான் இனி இஞ்சையே இருக்கிறன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள், ஒண்டு செத்தாலும் மற்றது பாடும் எண்டு?"

வதனி அழுதாள். பிறகு சிரித்தாள். சிரிப்பை இன்றுவரை நிறுத்தவில்லை.

கீழறையில் மாமி குடியேறி இரண்டு பனிக்காலம் போய்விட்டது. நான் கைபேசியைக் கையில் எடுத்தாலே போதும், "தம்பி, எந்த வீடு?" என்று கீழேயிருந்து குரல் வரும். தமிழைவிடப் பிரெஞ்சு கூடக் கதைக்கிற மகளும் விடுவதில்லை; 'எந்த' என்பதைப் பிரெஞ்சிலேயே கேட்பாள்.

"கெல் வீடு, அப்பா?"