அந்நிய டிஸ்க்

ஒருவர் பிறந்தாரா இல்லையா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் பிறப்புப் பதிவாளர் ஒருவருக்கே உண்டு. நேரில் வந்து மூச்சு விட்டுக் காட்டினாலும் அவர் அசைய மாட்டார். கணினியில் இருந்தால் பிறந்தவர். இல்லாவிட்டால் அந்த ஆள் இன்னும் உலகத்துக்கு வரவில்லை என்று அர்த்தம்.

ஊரின் பிறப்புகள் அத்தனையும் நாலு டிஸ்க்குகளைக் கோர்த்த ஒரு பெட்டிக்குள் குடியிருந்தன. நாலும் சேர்ந்தால்தான் கணக்கு ஒத்துவரும். கூட்டுக் குடும்பம் மாதிரி, ஒன்றைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் வாயைத் திறக்காது. பெட்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டடத்து நில அளவை ஆபீஸில் புது சிஸ்டம் போட்டுவிட்டார்கள். அங்கே திரையில் தெரிகிற படங்களின் மூலையெல்லாம் உருண்டையாகிவிட்டதாம். இங்கே மட்டும் சதுரம். நாலு பேர் வந்துபோகிற இடத்தில் சதுர மூலையை வைத்துக்கொண்டு எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவது? "நமக்கும் உருட்டிடுங்க" என்று பதிவாளர் உத்தரவிட்டார்.

கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் உருட்டினாள். வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்தவள். ஆபீஸில் அவளுக்குப் பெயரே வெளியூர்க்காரி. புது சிஸ்டம் சுத்தத் தமிழில் கண் விழித்தது. விழித்ததும் ஒரு கேள்வி கேட்டது:

"அந்நிய டிஸ்க்குகள் காணப்படுகின்றன. இறக்குமதி செய்யவா? ஆம் / இல்லை."

அவள் 'ஆம்' பக்கம் விரலைக் கொண்டுபோனாள்.

"கையை எடும்மா," என்றார் பதிவாளர்.

"சார், இது வழக்கமா வர்றதுதான். புது சிஸ்டத்துக்குப் பழைய டிஸ்க்கை அடையாளம் தெரியல. ஆம்னு குடுத்தா எல்லாம் வந்துரும்."

"அடையாளம் தெரியாததையெல்லாம் உள்ள விட இது என்ன சத்திரமா?"

விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற தலைமை எழுத்தர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார். "இறக்குமதின்னு எழுத்துபூர்வமா கேட்டிருக்கு சார். அது சுங்கத்துறை விஷயம். நாம கை வச்சா கடத்தல்."

"வெறும் வார்த்தை சார் அது."

"வார்த்தையை விட்டா ஆபீஸ்ல வேற என்னம்மா இருக்கு?"

சுங்கத்துறைக்குக் கடிதம் போயிற்று.

சிக்கல் என்னவென்றால், பதிவாளரின் மகளும் அந்த டிஸ்க்கில்தான் பிறந்திருந்தாள். அவளுக்கு வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பிறப்புச் சான்றிதழ் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

"ஊருக்கெல்லாம் சர்டிபிகேட் குடுக்கறீங்க, பெத்த பொண்ணுக்காக ஒரு பட்டனை அமுக்க மாட்டீங்களா?" என்று மனைவி தட்டை நங்கென்று வைத்தாள்.

"அமுக்கினா கடத்தல்."

"அந்தப் பெட்டி வருஷக்கணக்கா உங்க மேஜைக்குப் பக்கத்துலயே இருக்கேப்பா," என்றாள் மகள். "எங்கேருந்து எங்க கடத்துவீங்க?"

அவருக்கு மகள் என்றால் உயிர். ரப்பர் முத்திரை என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தார்.

சுங்க அதிகாரி வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது ஏற்கெனவே உள்ளதானே இருக்கு? வெளியிலேருந்து வந்தாத்தானே இறக்குமதி?"

நியாயமான கேள்வி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வாசல் கேட்டைத் தாண்டி, தெருமுனைப் பஞ்சர் கடை வரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தார்கள். "மெதுவா, குலுக்காதீங்க" என்று வெளியூர்க்காரி பிள்ளைத்தாய்ச்சிக்குத் துணை போகிறவள் போலப் பின்னாலேயே ஓடினாள்.

கேட்டில் சுங்க அதிகாரி வண்டியை மறித்தார். "உள்ள என்ன?"

"மனுஷங்க," என்றார் பதிவாளர்.

அதிகாரி சூடு பட்டவர் போலக் கையை எடுத்தார். "ஆளுங்கன்னா குடிவரவுத் துறை. முதல்லயே சொல்றதில்லையா?"

குடிவரவு அதிகாரி வந்து வண்டியின் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரித்தார்.

"வருகையின் நோக்கம்?"

பதிவாளர் யோசித்தார். "பிறக்கிறது."

"தங்கும் காலம்?"

"ஆயுசுக்கும்."

அதிகாரி மனம் இளகி அனுமதி தந்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: பெட்டிக்குள் இருப்போர் அனைவரும் இனி இறக்குமதியானவர்களாகவே கருதப்படுவர்.

வெளியூர்க்காரி பெட்டியை மாட்டி 'ஆம்' அமுக்கினாள். டீ ஆறுவதற்குள் ஒரு பிறப்பு குறையாமல் அத்தனையும் வந்து சேர்ந்தன. முதல் சான்றிதழ் பதிவாளரின் மகளுக்கு. அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'அந்நியர். முறைப்படி இறக்குமதி செய்யப்பட்டவர்.'

கல்லூரியிலிருந்து மறுநாளே பதில் வந்தது. சான்றிதழ் தந்த நாட்டில் தாங்கள் அந்நியர் என்று தெரிய வருவதால், தங்கள் சொந்த நாட்டின் வழியாக விண்ணப்பிக்கவும். கடைசித் தேதியில் மாற்றமில்லை.

மகள் கத்தவில்லை, சண்டை போடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, விதியாவது மண்ணாவது என்று பதிவாளர் நினைத்தார். அந்த வரியைத் தூக்கிவிட வேண்டியதுதான்.

காலையில் போனால், ஆபீஸ் வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது.

"எதிர்வீட்டுப் பையன் சர்டிபிகேட்ல இம்போர்ட்டட்னு போட்டிருக்கு. எங்க பையன் என்ன மட்டமா?"

"எனக்குப் பழசு வேணாம் சார், லோக்கலா இருக்கு. புதுசா அடிச்சுக் குடுங்க."

ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு நின்றவர்களை விலக்கிக்கொண்டு பதிவாளர் உள்ளே போனார். "அந்த வரியை எடுத்துடும்மா."

தலைமை எழுத்தர் செருமினார். "திருத்தம்னா உள்நாட்டு அதிகாரி கையெழுத்து வேணும் சார். நீங்க பிறந்தது..."

"இதே ஊர்லதான்யா!"

"அதான் சார் சிக்கலே. நீங்களும் பெட்டியில வந்தவர். நானும்தான். இந்தப் பொண்ணு மட்டும் வேற ஊர், வேற டிஸ்க். இப்போதைக்கு நம்ம ஆபீஸ்ல உள்ளூர்க்காரின்னா இவ ஒருத்திதான்."

பதிவாளர் வாதாடவில்லை. விதி சரியாகவே இருந்தது. உள்ளுக்குள் நிம்மதிகூட வந்தது. விஷயம் தெரிந்த பெண், நொடியில் முடித்துவிடுவாள். எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

அவள் தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தாள். சாய்ந்து பார்த்தாள். மேஜை மேல் இருந்த மணியை ஒரு தட்டுத் தட்டினாள். பியூன் ஓடி வந்து நின்றார். அவளுடைய முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஒரே ஒரு பட்டன்தாம்மா," என்று பதிவாளர் விரலை நீட்டினார்.

"கையை எடுங்க சார்," என்றாள். "விதி என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அந்நியர்லாம் வெளியில, வரிசையில."

பதிவாளர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். பையில் போன் அடித்தது.

"மாத்தியாச்சாப்பா?" என்றாள் மகள்.

"லைன்ல நிக்கறேன்மா."

முன்னால் நின்றவர் திரும்பி மரியாதையாகக் கேட்டார். "நீங்களும் இம்போர்ட்டடா சார்?"

பதிவாளர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமா" என்றார்.