ஜாக்கிக்கு நான் வரைந்த தொப்பை

படம் வரையத் தெரிந்தவனுக்குப் பெண் கிடைப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்பி வையுங்கள். உட்கார வைத்துப் புத்தி சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் திருவள்ளூரில் பேனர் ஆர்ட்டிஸ்ட். (கடை வாசலில் நானே எழுதிக்கொண்ட பட்டம்.) கடம்பத்தூரில் நெல் பயிரிட்ட என் தாய்மாமன், வைக்கோலை மெட்ராஸில் உள்ள ரேஸ் குதிரை லாயங்களுக்கு அனுப்புவார். வைக்கோல் போன வழியிலேயே அவரும் போய் ரேஸ் பைத்தியம் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பணம் கட்டிய குதிரை எதுவும் ஜெயித்ததில்லை. எனக்கோ அவர் மகள் சகுந்தலா மேல் பைத்தியம்.

ரேஸ் குதிரை ஓட்டிக் கோப்பை கோப்பையாக ஜெயித்த ஒரு ஜாக்கி, மாமா வீட்டுக்குச் சாப்பிட வர ஒப்புக்கொண்டார். உடனே மாமா பத்திரிகையில் வெட்டிய தபால்தலை அளவு படத்தை என்னிடம் நீட்டினார். அதில் தொப்பியும் முகமும்தான் தெரிந்தன.

"இத்தப் பாத்து பெரிசா வரைஞ்சி குடுடா. நல்லா வந்துச்சின்னா சகுந்தலா பேச்சை எடுக்கலாம்."

எங்கள் தொழிலில், பெரிய மனிதர் என்றால் பெரிய உடம்பு. எலும்பும் தோலுமான வேட்பாளருக்குக்கூட பேனரில் கன்னம் உப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் அதுவரை எந்த ஜாக்கியையும் நேரில் பார்த்ததில்லை. சாம்பியனாயிற்றே என்று அகன்ற மார்பு, உருண்ட தொடை, மரியாதைக்கு ஒரு தொப்பை எல்லாம் கொடுத்தேன். அதற்குமேல் குதிரைக்கு இடம் போதாமல், அது கொஞ்சம் ஆடு மாதிரி ஆகிவிட்டது.

விருந்தன்று கார் வந்தது. ஒல்லியாக, என் தோள் உயரத்துக்கு ஒருவர் இறங்கினார். நான் மாலையோடு அவரைத் தாண்டிப்போய், காருக்குள் தலையை விட்டுத் தேடினேன்.

"யாரைப் பாக்குறீங்க?" என்றார் அவர்.

"ஜாக்கி சாரை."

"நான்தாங்க."

மாலை அவர் முழங்காலைத் தொட்டது. படத்தைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று உள்ளே ஓடினேன். அதற்குள் மாமா படத்தின் மேல் போட்டிருந்த துணியை விலக்கிவிட்டார்.

சொந்தக்காரர்கள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சகுந்தலா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

"இன்னாடா வரைஞ்சி வச்சிக்கிற? இந்தாளு ஏறுனா குதிர ஓடுமா? ஊட்டுக்கு வந்தவர இப்படியா அவமானப்படுத்துவ?" என்று மாமா கத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. படம் போனால் போகட்டும், சகுந்தலா போய்விட்டாளே!

ஜாக்கி படத்துக்கு எதிரே இலை முன் உட்கார்ந்தார். வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு எதையும் தொடவில்லை. எடை ஏறினால் குதிரை மேல் ஏற்ற மாட்டார்களாம். இரண்டு வாய் ரசம் சாதத்தோடு எழுந்தார்.

"நான் வயிறாரத் துன்னு வருஷக்கணக்காச்சிங்க. இவராவது நல்லா துன்னுக்கினு இருக்காரு. எனக்கே குடுத்துடுங்க" என்று படத்தைக் கார் மேல் கட்டி எடுத்துப் போனார்.

மாமாவின் கோபம் இறங்கவில்லை. "ஜாக்கி எப்படி இருப்பான்னே தெரியாதவனுக்கு நான் பொண்ணு குடுக்கணுமா?"

"எனக்கு இவரைத்தான் புடிச்சிக்கீது நைனா" என்றாள் சகுந்தலா. "இம்மாம் சிரிப்பு நான் சிரிச்சதே இல்ல."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சரி, கட்டிக்கோ. ஓடாத குதிர மேல கட்றது எங்க குடும்பத்துக்கு இன்னா புதுசா?"

கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையை இப்படித்தான் எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். இன்றும் நான் ரயிலைத் தவறவிட்டுத் திரும்பினால், சகுந்தலா கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் மருமகளுக்குக் குரல் கொடுக்கிறாள்: "ஓடாத குதிர வந்துடுச்சி, காபி போடு!"