முதிரைச் சந்தனம்

சும்மா இருக்கத் தெரியாதவனிடம் ஒரு ரம்பத்தையும் கொடுத்து, அதே வாரத்தில் கல்யாணப் பேச்சையும் வைத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். யாரும் நிற்க மாட்டார்கள்.

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. பதுளைக்கு எல்லாச் சாமானும் மாட்டு வண்டியில்தான் வந்து சேரும். கடைவீதியில் அப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை. அந்தக் கடையில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்லாவில் உட்காரச் சொன்னால் வாசலுக்குப் போவேன். வாசலில் நிற்கச் சொன்னால் தெருமுனை வரை போய் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன் (வண்டி மறுநாள்தான் வரும் என்பது எனக்கும் தெரியும்). சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி, மறு காலை ஓடத் தயாராக வைத்திருப்பேன் என்று அம்மா சொல்வாள்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் ஹல்துமுல்லையில் ஒரு கடைக்குச் சரக்கு ஏற்றிப் போனேன். மூட்டைகளை இறக்கி முடிப்பதற்குள் கடைக்கும் வண்டிக்கும் நடுவில் வீணாக எத்தனையோ நடை நடந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்: "அப்பா, அவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க. அவர் நடக்கிறதைப் பார்த்து எனக்கு மூச்சு வாங்குது."

திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கடை முதலாளியின் மகள், பெயர் வள்ளியம்மை என்று வண்டிக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முன்பு காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தேன்; இப்போது காரணத்தோடு நடந்தேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் நான் மனிதனாக இருக்கப்போவதில்லை என்று தோன்றியது. அப்படியே அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள், அப்பா ஆள் அனுப்பினார்.

ஹல்துமுல்லை முதலாளியிடமிருந்து பதில் வந்தது. குடும்பம் நல்ல குடும்பம்தான். ஆனால் பையன் ஒரு இடத்தில் உட்கார மாட்டானாமே? நேரில் வந்து பார்க்கிறோம்.

"கேட்டியாடா?" என்றார் அப்பா. "அவங்க நம்ம வீட்டைப் பார்க்க வரல. நீ உக்காருறியான்னு பார்க்க வர்றாங்க. அன்னிக்கு ஒரு நாளாச்சும் பொம்மை மாதிரி உக்காரு."

அன்றைக்கு உட்காரலாம். அதுவரை இருந்த நாட்களில் என்ன செய்வது? அப்போதுதான் கடைக்குப் பின்னால் கிடந்த முதிரைப் பலகைகள் கண்ணில் பட்டன. வெல்லவாயப் பக்கத்துக் காட்டிலிருந்து யாரோ அப்பாவுக்குக் கொண்டுவந்து போட்டவை. வருகிறவர்கள் உட்கார வீட்டில் நல்ல ஆசனமில்லை. நாலு பேர் தாராளமாக உட்காரும்படி ஒரு நீள வாங்கு, அதுவும் மாப்பிள்ளையே தன் கையால் செய்த வாங்கு! இதைப் பார்த்தபிறகு யார் என்னைக் குறை சொல்ல முடியும்?

முதிரையைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான்: விலை உயர்ந்தது. மற்றதையெல்லாம் மரமே சொல்லிக்கொடுத்தது. தூக்கினால் கல். தண்ணீரில் போட்டால் மிதக்காமல் அடியில் போய் உட்காரும். ரம்பத்தின் பல்லை வெல்லக்கட்டி மாதிரி மழுங்கடித்துவிடும். ஆணி அடித்தால் ஆணி வளையும். வளையாத ஆணியாக இருந்தால் பலகை பிளக்கும். முதலில் துளை போட்டு, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். மெதுவாக என்ற சொல்லுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நல்ல பலகை ஒன்றை முதல் நாளே இரண்டாகப் பிளந்துவிட்டு, கூலிக்கு ஒரு ஆசாரியைக் கூட்டிவந்தேன்.

ஆனால் இழைப்புளி போட்டுத் தேய்த்த பிறகு அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமே! பொன்னிறம். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு மினுமினுப்பு, அந்தப் பக்கம் போனால் வேறு மினுமினுப்பு, பட்டுச் சேலை மாதிரி. (இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்ப் பார்க்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.) அறுக்கும்போது ஒரு இதமான வாசனை வேறு. கீழே மஞ்சள் மஞ்சளாகத் தூள் குவிந்தது.

ஆசாரி வேலை செய்த நேரத்தைவிடச் சொறிந்த நேரம் அதிகம். கழுத்து, முழங்கை, கண்ணோரம் என்று ஒரு இடம் பாக்கியில்லை.

"என்ன ஆசாரி, உடம்புக்கு என்ன?"

"கத்தரிக்காய் தம்பி. நமக்கு ஆகாது. விட்டு ரொம்ப வருஷமாச்சு. இருந்தாலும் பழைய கத்தரிக்காய் உள்ளுக்குள்ள நின்னு வேலை காட்டுது."

இரண்டு நாளில் எனக்கும் கை அரித்தது. நானும் கத்தரிக்காயை நிறுத்தினேன்.

வாங்கு முடிந்தது. அவர்கள் வருகிற நாளும் வந்தது. விடிந்ததும் அப்பா பதறிக்கொண்டு வந்தார். "சந்தனம் எங்கடா?"

கடையில் இருந்த சந்தனத்தையெல்லாம் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு வாங்கிப் போய்விட்டார்கள். புதுச் சரக்கு, மழையில் மண் சரிந்து பாதையில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் மிஞ்சியது சுண்டுவிரல் நகமளவு ஒரு சந்தனக்கட்டை. எதிர்க்கடையில் கேட்கலாம். ஆனால் சந்தனம் விற்கிற கடைக்காரன் தன் வீட்டு விசேஷத்துக்கு எதிர்க்கடையில் சந்தனம் வாங்கினான் என்று ஊர் சிரிக்கும். அதன்பிறகு அப்பா உயிரோடு இருக்கமாட்டார்.

"நான் பார்த்துக்கிறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நடந்த கோளாறுகள் எல்லாம் இந்த வார்த்தையில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

மஞ்சள் நிறம் இருக்கிறது. வாசனை இருக்கிறது. சந்தனமும் மரம், முதிரையும் மரம். அம்மாவின் மாவுச் சல்லடையை எடுத்துக் குவிந்து கிடந்த தூளை நைசாகச் சலித்தேன். பன்னீர் விட்டுக் குழைத்தேன். மிஞ்சிய சந்தனக்கட்டையை உரசி மேலே ஒரு பூச்சு. வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தபோது என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது. (அது புல்லரிப்பு இல்லை என்று இப்போது தெரிகிறது.)

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். முதலாளி, அவர் தம்பி, எல்லோருக்கும் மூத்த அண்ணன் ஒருவர். மூத்தவருக்குத் தலையில் ஒரு முடி இல்லை. மார்பு நல்ல அகலம். மூவரும் புது வாங்கில் உட்கார்ந்தார்கள். நான் பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டினேன். முதலாளி நெற்றியிலும் கழுத்திலும் பூசிக்கொண்டார். தம்பி கையிலும் பூசிக்கொண்டார். மூத்தவர் கிண்ணத்தையே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வழுக்கை, மார்பு, இரண்டு தோள் என்று அபிஷேகமே நடந்தது.

"குளுகுளுன்னு இருக்கு. பதுளைக்காரங்க சந்தனம் நல்ல சந்தனம்" என்றார்.

அப்பா பெருமையில் தானும் அள்ளிப் பூசிக்கொண்டார். நான் நெற்றியில் ஒரே ஒரு பொட்டு வைத்துக்கொண்டு எதிரே பாயில் உட்கார்ந்தேன். பொம்மை மாதிரி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்கள் சந்தனம் பூசிக்கொண்டால், தாம்பூலம் மாற்றும்வரை அதைத் தொட்டுக் கலைக்கக் கூடாது. கலைத்தால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டு பக்கத்துக்கும் இதே சட்டம்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "பையன் நல்ல பையன். ஆனா எம்பொண்ணு விஷயம் பாருங்க. இன்னும் ஒரு வருஷம் போகட்டும். பையன் கடையில நிலையா உக்காருறானான்னு பார்த்துட்டு..."

ஒரு வருஷமா! எழுந்து ஓடிப்போய் அவர் காலைப் பிடிக்கலாமா என்றிருந்தது. எழுந்தால் ஒரு வருஷம் இரண்டு வருஷமாகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது முதலாளி பேச்சை நிறுத்திக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறுபக்கம். தம்பி முழங்கையை வாங்கின் ஓரத்தில் மெல்ல உரசினார். மூத்தவர் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்தார். அவர் வழுக்கை சிவந்துகொண்டு வந்தது. என் நெற்றிப் பொட்டும் சுரீர் என்றது. அந்த அரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாக என் கையில் இருந்த அதே அரிப்பு. இது கத்தரிக்காய் இல்லை என்று அந்த நிமிஷத்தில் விளங்கியது.

அப்பா தோளைக் குலுக்கினார். முதலாளி பதிலுக்குக் குலுக்கினார். யாரும் கையைத் தூக்கவில்லை. சந்தனத்தைத் தொட்டால் அவமரியாதை. வழக்கம் தெரிந்த பெரிய மனிதர்கள் நாலு பேர், சாமி வந்தவர்கள் போல உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார்கள். அசையாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். பயத்தில் உறைந்துபோயிருந்தேன்.

மூத்தவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். "தம்பி!" என்று முதலாளியிடம் கத்தினார். "பையனைப் பாருடா! நாமளே இப்படி ஆடுறோம், அவன் இம்மியும் அசையலையே! இவனையா உக்கார மாட்டான்னு சொன்னாங்க? ஒரு வருஷமாவது ரெண்டு வருஷமாவது. தட்டைக் கொண்டாங்கப்பா, தட்டை!"

"ஆமாங்க, ஆமாங்க, அடுத்த மாசமே வச்சுக்குவோம்" என்றார் முதலாளி. தாம்பூலத் தட்டு மாறியது. அவ்வளவு வேகமாகத் தட்டு மாறியதை அதற்குமுன் நான் கண்டதில்லை. அடுத்த நொடி நாலு பேரும் கிணற்றடியில் இருந்தார்கள். வாளிக்குச் சண்டை நடந்தது.

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. தப்பித்துவிட்டேன் என்று மூச்சு விடும்போது அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல், பதுளைக் கடைவீதி முழுக்கக் கேட்கும்படி: "ஏன்டா, எஞ்சல்லடையில எதுக்குடா மரத்தூளைச் சலிச்சே?"

முதலாளி சொட்டச் சொட்ட நிமிர்ந்தார். "தம்பி, அது சந்தனம் இல்லையா?"

"முதிரைங்க, மாமா."

"எங்கேருந்து வந்த முதிரை?"

"நீங்க உக்காந்திருந்த வாங்குதாங்க மாமா, அதோட தூளு..."

மூவரும் தங்கள் வேட்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். இழைத்து மெருகேற்றிய மரம் ஒன்றும் செய்யாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அன்றைய விருந்தை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தாம்பூலம் மாற்றியாகிவிட்டதால் பேச்சைத் திருப்ப முடியவில்லை. ஆனால் முகவீக்கம் இறங்கிய பிறகு முதலாளி ஒரு வரி சொல்லியனுப்பினார்: கல்யாணத்துக்குச் சந்தனம் பெண் வீட்டார் கொண்டுவருவார்கள். விஷயம் தெரிந்த ஆசாரி மட்டும் அன்றே சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினார்.

வள்ளியம்மை வந்து சேர்ந்தாள். பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் இன்றுவரை எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், சந்தனக் கிண்ணம் முதலில் என்னிடம்தான் வரும். மரியாதைக்கு இல்லை. என் இரண்டு முழங்கையிலும் பூசிவிட்டு நடுக்கூடத்தில் உட்காரவைப்பார்கள். கூட்டமே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூக்கு அரித்தாலும் நான் கையைத் தூக்க முடியாது. தூக்கினால் பந்தி கலைந்துவிடும். கடைசியில் வள்ளியம்மை வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இதில் அவளுக்கு அவசரமே கிடையாது. பிறகு சபையைப் பார்த்து உரக்கச் சொல்வாள்:

"மனுஷன் சொறியல. எல்லாருக்கும் குடுங்க."