குத்தாலிங்கத்தின் யானைப்படை

"யானை மிரண்டா பின்னாலதான் ஓடணும். அதான் விதி, அண்ணாச்சி" என்றபடி குத்தாலிங்கம் தன் யானையைத் தன் வில்வீரர்கள் மேலேயே நகர்த்தினார். ஆறு பேர் காலி.

எதிரே பரமசிவன் கண்ணை மூடியிருந்தார்.

"அண்ணாச்சி?"

"யோசிக்கேன்" என்றார். கண்ணைத் திறந்து, தன் காலாட்களை ஓர் அடி முன்னே தள்ளிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார்.

இலஞ்சியில் கணக்கு வாத்தியாரான குத்தாலிங்கத்துக்கு, பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்திப் போர் விளையாடுவதில் பைத்தியம். ஆளுக்கு நூறு புள்ளி. அதற்குள் பிடித்த படையைச் சேர்த்துக்கொள்ளலாம். தென்காசி வட்டாரத்தில் இதற்கு வேறு ஆள் கிடையாது. சாரல் தொடங்கியதிலிருந்து ஞாயிறு மதியம் மெனக்கெட்டு வந்து உட்காருகிறவர், போலீசில் ஓய்வு பெற்ற பரமசிவன் ஒருவர்தான். ஒரு விதியை அரை மணி நேரம் விளக்கினாலும் குறுக்கே பேசமாட்டார். இருபது வருடத்தில் இப்படி ஒரு மாணவன் வாய்த்ததில்லை. அந்த நன்றியில் வாத்தியாருக்குச் சில சமயம் கண்கூடக் கலங்கும்.

ஆனால் வாரா வாரம் தோற்பது வாத்தியார்தான். ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டாமா? தோற்ற சாயங்காலமெல்லாம் பரமசிவன் வீட்டிலிருந்து ஒரு பை மங்குஸ்தான் வேறு வந்துவிடும். ஆறுதல் பரிசு!

யானையை அடக்கக் குத்தாலிங்கம் பாகனைச் சேர்த்தார். பாகனுக்கு மூன்று பக்க விதி. பாகனைக் காக்கக் குதிரைகள். குதிரைகள் யானையைக் கண்டு மிரண்டன, அதற்கும் விதி. குதிரைகளைத் தேற்ற ஒரு முரசுக்காரன். முரசு கேட்டு யானை மறுபடியும் மிரண்டது.

"யோசிக்கேன்" என்றார் பரமசிவன். அன்றும் ஜெயித்தார்.

"அவிய வெறும் காலாள வச்சுத்தான ஜெயிக்காவ? நீங்க எதுக்குப் பொருட்காட்சி வைக்குதீய?" என்றாள் மனைவி வித்யாலட்சுமி, தேங்காய் துருவிக்கொண்டே.

அடுத்த ஞாயிறு மேஜையில் வாத்தியார் பக்கமும் ஐம்பது காலாட்கள் மட்டும் நின்றார்கள்.

பரமசிவன் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். "விதியச் சொல்லும் வாத்தியாரே."

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நேரா நடக்கணும், பகடை போடணும்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல!"

பத்தே நிமிடத்தில் குத்தாலிங்கம் ஜெயித்துவிட்டார். வித்யாலட்சுமியைக் கூப்பிட்டு, மேஜையோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். பரமசிவன் முகம் வாடி, "வாரேன்" என்று எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் மங்குஸ்தான் வரவில்லை. பரமசிவனின் மனைவி அனுசியாதான் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றாள். குத்தாலிங்கம் வாசலுக்கு ஓடினார். இருந்த ஒரே ஆளும் போச்சா?

"அண்ணாச்சிக்கு வருத்தமாம்மா? இனிமே வரமாட்டாவளா?"

"அதெல்லாம் வருவாவ சார். முப்பது வருசம் நைட் டூட்டி பாத்த மனுசன், மாத்திரை போட்டாலும் தூக்கம் வரல. வாரத்துல ஒரு நாள் நீங்க யானை விதி சொல்லையிலதான் நிம்மதியாத் தூங்குதாவ, அந்த நன்றிக்குத்தான் பழம் கொடுத்து விட்டேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அந்த யானையத் திரும்பச் சேத்துக்கிடுங்க!"